குக்கர் விசிலுக்கும் ஸ்கூல் பஸ்ஸுக்கும் நடுவே குடும்ப ஜெபம்

குடும்ப ஜெபம் நின்றுபோன வீட்டில் காரணம் கேட்டால் "நேரம் இல்லை" என்பார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் அதை நிறுத்தியது நீளம்தான். 40 நிமிடம் நடக்கும் ஜெபம் ஒரு நாள் தள்ளிப்போகும், மறுநாளும் தள்ளிப்போகும், ஒரு வாரத்தில் யாருக்கும் நினைவிருக்காது. 12 நிமிடத்தில் முடிவதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவைக்க மனம் வராது. அப்பா அலுவலகம், அம்மா அலுவலகம், பிள்ளைகளுக்கு டியூஷன் என்று ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த 12 நிமிடத்தை எங்கே வைப்பது, அதற்குள் என்ன செய்வது, எது கெட்டுப்போகும், கெட்டால் எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

எந்த நேரம்?

"தினமும் இரவு 9 மணி" என்று கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாள் மின்சார ரயில் தாமதமாகும், ஒரு நாள் விருந்தாளி வருவார், 9 மணி தாண்டிவிடும். தாண்டியதும் "சரி, இன்றைக்கு விடு" என்ற பேச்சு வரும். அதற்குப் பதில், வீட்டில் எப்படியும் நடந்தே தீரும் ஒரு வேலையோடு ஜெபத்தைக் கட்டுங்கள். வேதாகமத்தில் உபாகமம் 6:7 சொல்வதும் அப்படித்தான்: வீட்டில் உட்கார்ந்திருக்கையில், வழியில் நடக்கையில், படுக்கையில், எழுந்திருக்கையில். அங்கே மணிக்கணக்கு இல்லை. நாம் தினமும் செய்கிற நான்கு காரியங்கள்தான் இருக்கின்றன.

எந்த வேலையோடு கட்டுவது என்பதில் ஒரு சோதனை உண்டு. வீட்டில் கடைசியாக உட்காருகிறவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அது அம்மா. அவர் உட்கார முடியாத நேரத்தில் வைத்த ஜெபம் நிலைக்காது. இட்லி வேகும் இரவு என்றால் அவருக்கு 12 நிமிடம் கிடைக்கும். தோசை என்றால் கிடைக்காது. கல்லில் ஒவ்வொன்றாக வார்த்து, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் தட்டில் கை வைப்பார். அதற்குள் சின்னது தூங்கியிருக்கும், பெரியது ஹோம்வொர்க் நோட்டைத் திறந்திருக்கும், அப்பா போனோடு சோபாவில் சாய்ந்திருப்பார். ஆகவே பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நாங்கள் முதலில் சொல்வது, கல்லை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் ஜெபம். மாவு பாத்திரத்தில் இருக்கட்டும், சட்னி அரைத்து முடிந்திருக்கட்டும், அடுப்பு பற்றவைக்க வேண்டாம். பாயை விரித்து உட்கார்ந்து 12 நிமிடத்தில் எழுந்துவிட்டால் அதன்பின் சூடாகச் சாப்பிடலாம். ஜெபம் முடிந்தால் சாப்பாடு என்பது பிள்ளைகளுக்கும் பழகிவிடும்.

சாப்பிட்ட பின் வைத்தால்தான் ஒத்துவரும் என்கிற வீடுகள் பாத்திரம் துலக்குவதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். துலக்கிய பின் என்றால் அது "படுக்கும் முன்" ஆகிவிடும். படுக்கும் முன் வைக்கிற ஜெபத்தில் பாதிப் பேர் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள்.

காலை நேரத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 7:10-க்கு பஸ் வருகிற வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பாட முயன்றால் அது சண்டையில் முடியும். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளையின் தலையில் கை வைத்து, பெயர் சொல்லி, இரண்டு வாக்கியம் ஜெபியுங்கள். 20 விநாடி போதும். பை மாட்டியபடி, ஷூ போட்டபடியே நடக்கலாம். இதைத் தவறாமல் செய்தால், பரீட்சை நாளில் பிள்ளையே தலையைக் காட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

12 நிமிடத்துக்குள் என்ன?

பாட்டு 3 நிமிடம், வாசிப்பு 3, அதைப் பற்றிய பேச்சு 2, ஜெபம் 3, பரமண்டல ஜெபமும் (இயேசு கற்றுத்தந்த ஜெபம்) கிருபை என்ற முடிவு ஆசீர்வாதமும் 1. இதைச் சமையலறை டைமரில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் இரண்டு வாரம் யாராவது ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டால் எந்த இடத்தில் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். இழுக்கிற இடம் எப்போதும் பேச்சு அல்லது ஜெபம்.

பாட்டுக்கு ஒரு வாரம் முழுக்க ஒரே பாட்டு. தினமும் புதுப் பாட்டு தேடினால் புத்தகத்தைப் புரட்டுவதிலேயே இரண்டு நிமிடம் போய்விடும், சின்னப் பிள்ளைகளுக்கு எதுவும் மனப்பாடம் ஆகாது. கீர்த்தனை என்றால் பல்லவியும் ஒரு சரணமும் போதும். ஆறு சரணத்தையும் பாடித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. திங்கட்கிழமை முதல் சரணம், செவ்வாய் இரண்டாவது என்று போனால் சனிக்கிழமைக்குள் பாட்டு முழுவதும் வந்துவிடும். ராகம் தெரியாத பழைய கீர்த்தனையாக இருந்தால் ஊரில் இருக்கும் ஆச்சியிடமோ தாத்தாவிடமோ பாடச் சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். சபைக்குச் சபை மெட்டு மாறும், அவர்கள் ஊர் மெட்டு அவர்களோடு போய்விடக்கூடும். அடுக்குமாடி வீட்டில் பக்கத்துச் சுவரை நினைத்துத் தயங்குகிறவர்கள் கை தட்டாமல், தாழ்ந்த சுருதியில் பாடலாம்.

பேச்சு என்றால் பிரசங்கம் இல்லை. ஒரே ஒரு கேள்வி போதும்: "இதில் உனக்கு எது பிடித்தது?" அல்லது "எது புரியவில்லை?" பிள்ளை கேட்டதற்குப் பதில் தெரியவில்லை என்றால் "எனக்கும் தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை சபை ஐயரிடம் (போதகரிடம்) கேட்போம்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே கேளுங்கள். கேட்காமல் விட்டால் அடுத்த மாதம் அந்தப் பிள்ளை கேள்வியே கேட்காது.

எதை வாசிப்பது?

ஜனவரி 1 அன்று "இந்த வருடம் முழு வேதாகமம்" என்று தொடங்குகிற வீடுகள் பல. 66 புத்தகங்களில் 1189 அதிகாரங்கள். 365 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 3-க்குச் சற்று அதிகம். ஆதியாகமம் கதையாக ஓடும். யாத்திராகமம் 24 வரைக்கும் ஓடும். இந்தக் கணக்கில் போனால் ஜனவரி 23 வாக்கில், பொங்கல் லீவு முடிந்து பள்ளி வேகம் பிடிக்கும் நேரத்தில், யாத்திராகமம் 25 வரும்: பலகை, கொளுவி, திரை, முழக்கணக்கு. அதைத் தாண்டினால் லேவியராகமம். வீட்டோடு வாசிக்கிற திட்டம் பெரும்பாலும் இங்கேதான் உடைகிறது. முழு வேதாகமத்தை வாசிப்பது பெரியவர்கள் தனியாகச் செய்யட்டும், மிகவும் நல்லது. பிள்ளைகளோடு உட்காரும் பாயில் அது வேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு சங்கீதம் 120 முதல் 134 வரை. தமிழ் வேதாகமத்தில் "ஆரோகண சங்கீதம்" என்று தலைப்பிட்ட இந்த 15-உம் எருசலேமுக்கு ஏறிப்போகிற யாத்திரிகர்கள் பாடியவை என்று சொல்வார்கள். 132-க்கு மட்டும் 18 வசனம். மற்ற எதுவும் 10 வசனத்தைத் தொடாது. 131, 133, 134 மூன்றுக்கும் ஆளுக்கு 3 வசனம்தான். 15 நாளில் ஒன்றை முடித்துவிட்டோம் என்ற நிறைவு வரும், அந்த நிறைவுதான் 16-ஆம் நாள் பாயை விரிக்க வைக்கும். பிறகு யோனா, 4 இரவு. பிறகு ரூத், அத்தியாயத்தை இரண்டாகப் பிரித்தால் 8 இரவு. அதற்குப் பின் மாற்கு: 16 அதிகாரம், 678 வசனம். நாளுக்கு 12 வசனம் என்றால் 57 நாளில் ஒரு சுவிசேஷம் முழுவதும் வீட்டில் வாசித்து முடித்திருப்பீர்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு நீதிமொழிகள் நன்றாகப் பிடிக்கும். 31 அதிகாரம் இருப்பதால் தேதியே அதிகாரம், புத்தகக் குறி தேவையில்லை. முழு அதிகாரமும் வாசிக்காமல் ஆளுக்கு ஒரு வசனம் தேர்ந்தெடுத்துச் சொல்லலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்: 5, 7 அதிகாரங்கள் பரஸ்திரீயைப் பற்றியவை. 17 வயதுக்கு அவை தேவை. 6 வயது மடியில் இருக்கும்போது அன்றைக்கு வேறு பகுதி வைத்துக்கொள்ளலாம்.

டிசம்பரில் லூக்காவின் 24 அதிகாரங்களையும் நாளுக்கு ஒன்றாக 1 முதல் 24-ஆம் தேதி வரை வாசிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அழகான திட்டம்தான், ஆனால் முதல் நாளே சிக்கும். லூக்கா 1-க்கு 80 வசனம், 2-க்கு 52. டிசம்பர் 1 அன்று 80 வசனம் வாசித்த வீட்டில் 2-ஆம் தேதி ஒரு முனகல் கேட்கும். நவம்பர் கடைசி வாரத்திலேயே முதல் அதிகாரத்தைத் துண்டு துண்டாக முடித்துவிடுங்கள்.

தமிழ் வாசிக்கத் திணறும் பிள்ளைகள்

ஆங்கில மீடியத்தில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு கடினம்தான். தாபரம், இக்கட்டு, கெம்பீரம், சஞ்சலம் என்று வரிக்கு ஒரு கல் தடுக்கும். எழுத்துக்கூட்டித் திணறும்போது அண்ணனோ அக்காளோ சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த நாள் "நான் வாசிக்கல" என்று சொல்லும். மூன்று வழிகள் உண்டு. திணறும் பிள்ளைக்கு 2 வசனம் மட்டும் கொடுத்து, மாலையிலேயே ஒரு முறை தனியாக வாசித்துப் பார்க்க விடுங்கள். அல்லது அது ஆங்கிலத்தில் வாசிக்கட்டும், அதே பகுதியைப் பெரியவர் தமிழில் வாசிக்கட்டும். எளிய தமிழ் மொழிபெயர்ப்புகளும் இருக்கின்றன. 1995-இல் வந்த திருவிவிலியத்தின் நடை பல பிள்ளைகளுக்கு எட்டுகிறது.

ஆனால் நான்கு சங்கீதங்களையாவது பழைய தமிழிலேயே மனப்பாடம் செய்ய வையுங்கள்: 1, 23, 100, 121. முதல் இரண்டுக்கும் 6 வசனம், மூன்றாவதுக்கு 5, நான்காவதுக்கு 8. ஊரில் துக்க வீட்டிலும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்திலும் எல்லோரும் சேர்ந்து சொல்வது அந்தத் தமிழில்தான். அங்கே நம் பிள்ளைகள் வாய் மூடி நிற்கக்கூடாது என்பதில் எங்களுக்குப் பிடிவாதம் உண்டு.

ஜெபத்தில் கெடுவது

ஆளுக்கு இரண்டு வாக்கியம். ஒரு நன்றி, ஒரு விண்ணப்பம். சின்னது "தேங்க் யூ ஜீசஸ், ஆமென்" என்று முடித்தாலும் அது முழு ஜெபம். கடைசியில் அப்பாவோ அம்மாவோ ஒரு நிமிடத்தில் முடித்துவையுங்கள். தேசங்களுக்காக, ஊழியங்களுக்காக, உறவினர் ஒவ்வொருவருக்காக என்று நீளும் ஜெபம் தனியறைக்கு உரியது. அங்கே ஒரு மணி நேரம் இருங்கள். பாயில் முழங்காலில் இருக்கும் எட்டு வயதுக்குக் கால் மரத்துப்போனால், அதற்கு ஜெபம் என்றாலே அந்த மரத்துப்போன கால்தான் நினைவுக்கு வரும்.

அடுத்து, ஜெபத்தை வைத்துத் திட்டக்கூடாது. "ஆண்டவரே, இவன் சொல்பேச்சுக் கேட்க, போனைக் கீழே வைக்க, இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று பையன் பக்கத்தில் இருக்கும்போதே ஜெபிப்பது நம் வீடுகளில் சர்வ சாதாரணம். கண்ணை மூடியிருக்கும் அந்தப் பையனுக்கு அது தன்மேல் விழும் ஏச்சாகத்தான் கேட்கும். எதிர்த்துப் பேசவும் முடியாது. சொல்ல வேண்டியதை ஜெபத்துக்கு வெளியே நேராகச் சொல்லுங்கள். கணவன் மனைவிக்கும் இதே விதிதான்.

பதினைந்து, பதினாறு வயதில் சில பிள்ளைகள் சத்தமாக ஜெபிக்க மறுக்கும். கட்டாயப்படுத்த வேண்டாம். பாயில் உட்காரட்டும், பாட்டுக்குத் தாளம் போடட்டும், வாசிக்கட்டும். சுற்று அதனிடம் வரும்போது பக்கத்தில் இருப்பவரின் கையைத் தொட்டால் அவர் தொடர்வார் என்று ஏற்பாடு செய்துகொண்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கி இரண்டு கோடு போடுங்கள். இடப்பக்கம் தேதி, நடுவில் ஒரு வரி விண்ணப்பம், வலப்பக்கம் காலியாக ஒரு கட்டம். "மாமாவுக்கு வேலை", "பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஆபரேஷன்" என்று பிள்ளைகள் கையாலேயே எழுதட்டும். பதில் கிடைத்ததும் வலப்பக்கத்தில் தேதி. ஒரு நாளைக்கு 3 பெயருக்கு மேல் எடுக்காதீர்கள். நோட்டு முழுவதையும் தினமும் வாசித்தால் அது வருகைப் பதிவேடு மாதிரி ஆகிவிடும். கேட்டது நடக்காமல் போனதையும் எழுதுங்கள். மாமா வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பியதையும், நாம் ஜெபித்த ஒருவர் இறந்துபோனதையும் அந்தக் கட்டத்தில் காணும் பிள்ளை கேட்கும் கேள்விகள் கனமானவை. அவற்றை நம்மிடம், அந்தப் பாயில் கேட்பது நல்லது.

கத்தோலிக்க வீடுகளில் ஜெபமாலைக்கும் இதே கணக்குதான். 5 பத்துகளும் (ஒரு பத்து என்பது பத்து மணிகள் கொண்ட பகுதி) சொல்ல 15 முதல் 20 நிமிடம் ஆகும். வேலை நாளில் ஒரு பத்து மட்டும், சனிக்கிழமை முழுமாலை என்று வைத்தால் மே, அக்டோபர் மாதங்களில் தினமும் முழுமாலைக்குப் போவது எளிது.

ஷிப்ட், வெளிநாடு, போன்

நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் உள்ள வீட்டில் இரவு ஜெபம் வாரம் மாறி வாரம் உடையும். டியூட்டி சார்ட் வந்த அன்றே அந்த வாரத்துக்கான நேரத்தைக் குறித்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். நைட் வாரத்தில் அவர் கிளம்பும் முன் மாலை 6:30, டே வாரத்தில் இரவு. எல்லோரும் இருந்தால்தான் என்று காத்திருக்க வேண்டாம். இருவர் இருந்தாலும் பாயை விரிக்கலாம்.

அப்பா வளைகுடாவில் இருந்தால் துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், குவைத், சவுதி, கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 9 என்றால் துபாயில் 7:30, குவைத்தில் 6:30. வீடியோ காலில் சேர்ந்து பாட மட்டும் முயலாதீர்கள். சத்தம் அரை விநாடி, ஒரு விநாடி தாமதமாகப் போகும். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று துரத்தி, பாட்டு சிதறிவிடும். இங்கே பாடும்போது அங்கே மைக்கை மூடிவிட்டு அவர் கூடப் பாடட்டும். வாசிப்பையும் முடிவு ஜெபத்தையும் அவருக்கே கொடுங்கள். தூரத்தில் இருக்கும் அப்பாவின் குரலில் அன்றாடம் வசனம் கேட்கும் பிள்ளைகளுக்கு அவர் மாதாமாதம் பணம் அனுப்புகிறவராக மட்டும் ஆகிவிடமாட்டார்.

மற்ற போன்கள் எல்லாம் அந்த 12 நிமிடமும் பிரிட்ஜ் மேல். வேதாகமத்தை போனில் வாசிப்பதாக இருந்தால் ஃப்ளைட் மோடில் போடுங்கள். 23-ஆம் சங்கீதத்தின் நடுவில் வங்கிக் குறுஞ்செய்தி இறங்கினால் கண் அங்கேதான் போகும்.

ஞாயிறு, சனிக்கிழமையே தொடங்குகிறது

கோவிலுக்குத் தாமதமாகப் போகிற வீட்டில் காலையில் நடப்பது ஒன்றேதான்: இஸ்திரி போடாத சட்டை, காணாமல் போன ஒற்றை ஷூ, கறிக்கடை வரிசை. ஞாயிறு காலை கறிக்கடையில் நிற்கும் நேரம் முதல் ஆராதனைக்கு உரிய நேரம். சனிக்கிழமை மாலையே கறி வாங்கிக் கழுவி, மசாலா தடவி பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். துணி இஸ்திரி, காணிக்கைக் கவர், பாட்டுப் புத்தகம், ஓய்வுநாள் பாடசாலை நோட்டு, கண்ணாடி எல்லாவற்றையும் கதவருகே ஒரே பையில் வையுங்கள். காணிக்கையைப் பிள்ளைகள் கையாலேயே சனிக்கிழமை கவரில் போட வையுங்கள். கோவில் வாசலில் அவசரமாகச் சில்லறை தேடிக் கொடுப்பது காணிக்கை என்று அவர்களுக்குப் பதிய வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸும் கோச்சிங்கும் இப்போது பெரிய பிரச்சினை. இதை ஜூன் மாதத்தில், பணம் கட்டுவதற்கு முன்னால் தீர்க்க வேண்டும். ஞாயிறு காலை இல்லாத வகுப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் எந்த ஆராதனைக்குப் போவது, முதல் ஆராதனையா மாலை ஆராதனையா, யார் கூட்டிப்போவது என்று அன்றே முடிவு செய்துவிடுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் பிள்ளை அடுத்த மார்ச் வரைக்கும் கோவில் பக்கம் வராது.

பொதுத் தேர்வு நேரத்தில் வீட்டு ஜெபத்தை நிறுத்தாதீர்கள், 3 நிமிடமாகச் சுருக்குங்கள்: ஒரு சங்கீதம், ஒரு வாக்கியம், பரமண்டல ஜெபம். மதிப்பெண்ணை ஜெபத்தில் தினமும் இழுக்க வேண்டாம். நல்ல தூக்கத்துக்காகவும் தெளிந்த மனதுக்காகவும் கேளுங்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்தில் ஞாயிறுகளை விட்டு 40 நாள். வீட்டில் எல்லோரும் ஒன்றாக விடக்கூடியதாக ஒரே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: வெள்ளிக்கிழமை இரவு கஞ்சியும் துவையலும் மட்டும், ஓட்டல் பார்சல் இல்லை. மிச்சமான பணத்தை அன்றே உண்டியலில் போட்டு, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று யாருக்குக் கொடுப்பது என்று பிள்ளைகள் தீர்மானிக்கட்டும்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். காய்ச்சல், கல்யாண வீடு, வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் முடிந்து இரவு 2 மணிக்கு வந்து விழும் டிசம்பர். ஒரு நாள் விட்டால் மறுநாள் வழக்கம்போல் தொடருங்கள். விட்ட பகுதியைச் சேர்த்து இரட்டையாக வாசித்து ஈடுகட்ட முயன்றால் அந்தச் சுமையிலேயே மூன்றாம் நாளும் விட்டுப்போகும். இரண்டு வாரம் விட்டுப்போயிருந்தால் அதைப் பற்றிப் பேச்சு எடுக்காதீர்கள். யார் காரணம் என்ற விசாரணை வேண்டாம், "இனிமேல் தவறாமல்" என்ற சபதமும் வேண்டாம். அன்று மாலை மாவைக் கரைத்து வைத்துவிட்டு, பாயை விரித்து, சங்கீதம் 121-ஐத் திறங்கள். 8 வசனம். சின்னதை மடியில் வைத்துக்கொண்டு நீங்களே வாசியுங்கள். பெரியவன் அறைக் கதவு திறந்தே இருக்கட்டும்.